மருந்தின் பக்கவிளைவும் வேலையும்: மெமோ வருவதற்கு முன் செய்ய வேண்டியவை

வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை, சர்க்கரைக்கு இன்சுலின், காசநோய்க்கு ஆறு மாத மருந்து, புற்றுநோய்க்குக் கீமோ. இவற்றில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு கம்பெனியிலும் இருக்கிறார்கள். சில கட்டங்களில் நோயை விட மருந்துதான் வேலைக்குத் தொல்லை. காலை ஷிப்டில் கண் சொருகும், கை நடுங்கி ஊசியில் நூல் கோக்க வராது, வயிறு கலங்கிக் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். கம்பெனிப் பதிவேட்டில் இதெல்லாம் பக்கவிளைவு என்று ஏறுவதில்லை. பணி நேரத்தில் தூங்கினார், கவனக்குறைவால் துணியைப் பாழாக்கினார், இடத்தில் இல்லை, சொல்லாமல் நின்றுவிட்டார் என்றுதான் ஏறும்.

பக்கவிளைவுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. பாதுகாப்பு நாலைந்து சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தைக் கேட்கிறது. அந்தக் காகிதத்தின் தேதி மெமோவின் (விளக்கம் கேட்டு நிர்வாகம் கொடுக்கும் கடிதத்தின்) தேதிக்கு முந்தியதாக இருந்தால் அது ஆதாரம். பிந்தியதாக இருந்தால் எதிர்த்தரப்பு அதைச் சாக்கு என்று சொல்லும். எத்தனையோ பேர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்பது இந்தத் தேதியில்தான். தமிழ்நாட்டில் தனியார் தொழிற்சாலை, கடை, அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் டாக்டர், பிறகுதான் ஹெச்.ஆர்.

எந்தக் காரணத்துக்காகவும் வேலைக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் வலிப்பு முன்பை விடக் கடுமையாகத் திரும்பலாம். பதற்றத்துக்குக் கொடுக்கும் குளோனசெபாம் போன்ற மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், இதுவரை வலிப்பே வராதவருக்கும் வரக்கூடும். காசநோய் மருந்தை விட்டு விட்டு எடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். சட்ட ரீதியாகவும் நட்டம் உண்டு. சிகிச்சையை ஒழுங்காக எடுத்தேன், அதனால்தான் இந்தத் தொல்லை என்று சொல்வதற்கு இருக்கும் வலு, இடையில் நிறுத்தியவருக்கு இருக்காது.

டாக்டரிடம் போகும்போது "தூக்கம் வருது சார்" என்று மட்டும் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். மாத்திரை போட்ட மணி, ஷிப்ட் தொடங்கிய மணி, என்ன ஆனது, எவ்வளவு நேரம் இருந்தது என்ற நான்கு விவரங்கள் போதும். கூடவே உங்கள் வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டருக்கு நீங்கள் பவர்லூம் ஓட்டுகிறீர்களா, கணினி முன் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று தெரியாது. அது தெரிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். காலையில் போடும் மாத்திரையை இரவுக்கு மாற்றுவார், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார், அல்லது அதே வேலையைச் செய்யும் வேறு மருந்து கொடுப்பார். சளி, அலர்ஜிக்கு எடுக்கும் குளோர்பெனிரமின் நல்ல உதாரணம். அது தூக்கத்தைக் கொண்டுவரும். ஃபெக்ஸோஃபெனடின் அந்த அளவுக்குத் தூங்க வைப்பதில்லை.

மனச்சோர்வுக்கான பல மாத்திரைகளில் குமட்டலும் மந்தமும் முதல் சில வாரங்களில்தான் அதிகம், பிறகு குறையும். உங்கள் மருந்து அப்படிப்பட்டதா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "நாலு வாரத்துக்கு மட்டும்" என்று கேட்கும் சலுகையை நிர்வாகம் சுலபமாகக் கொடுக்கும். முடிவு தேதி இல்லாமல் கேட்டால் பயப்படும்.

எந்த மருந்து எந்த வேலையில் இடிக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் குழம்புவது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. சாயப்பட்டறையிலோ துணியில் நிறம் பார்த்துப் பிரிக்கும் இடத்திலோ இருப்பவருக்கு அது முதலில் வேலைத் தவறாகத்தான் தெரியும். நிறம் தவறினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தாமதித்தால் பார்வையே போகலாம். மனநல மருந்தான லித்தியம் எடுப்பவர் ஃபவுண்டரியிலோ பாய்லர் பக்கத்திலோ வியர்க்க வியர்க்க வேலை செய்தால், உடலில் நீர் வற்றி இரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி வந்தால் அது நச்சு அளவின் அடையாளமாக இருக்கலாம். அவருக்குத் தேவை வெயிலும் அனலும் இல்லாத இடம், குடிக்கத் தண்ணீர், அடிக்கடி இரத்தப் பரிசோதனை. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவருக்குக் கழிப்பறை அனுமதி வேண்டும். டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கும் தையல் கூடங்களில் இது அன்றாடச் சண்டை. இரத்த அழுத்தத்துக்கோ புராஸ்டேட் தொல்லைக்கோ கொடுக்கும் பிரசோசின், டாம்சுலோசின் போன்றவை எழுந்து நிற்கும்போது கிறுகிறுக்க வைக்கும், எனவே ஏணி ஏறுபவர் கவனிக்க வேண்டும். இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவருக்குச் சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்வை, படபடப்பு, குழறும் பேச்சு எல்லாம் வரும். தெரியாதவர் பார்த்தால் குடித்திருக்கிறார் என்பார்.

டாக்டரின் சீட்டில் என்ன இருக்க வேண்டும்

"ஓய்வு தேவை" என்ற இரண்டு சொல் சீட்டால் லீவுக்கு மேல் எதுவும் கிடைக்காது. நோயின் பெயரை எழுதி வாங்கினால், அது கம்பெனி முழுக்கப் பரவும். வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்று. எந்த வேலை கூடாது, எந்த வேலை செய்யலாம், எந்தத் தேதி வரை என்று அது சொல்ல வேண்டும். டாக்டரிடம் காட்டுவதற்கு இப்படி ஒரு மாதிரியைக் கொண்டுபோகலாம்:

"இவர் என் சிகிச்சையில் உள்ளார். இவர் எடுத்துவரும் மருந்தால் காலை நேரத்தில் தூக்கக் கலக்கமும், எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பும் ஏற்பட வாய்ப்புள்ளது. ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 13 வரை காலை 9 மணிக்கு முன் பணி தொடங்குவதையும், ஏணி, உயரமான மேடை, சுழலும் இயந்திரம் ஆகியவற்றில் வேலை செய்வதையும் தவிர்க்குமாறு பரிந்துரைக்கிறேன். மற்ற பணிகளைச் செய்யத் தகுதியுடன் இருக்கிறார். செப்டம்பர் 14 அன்று மறுபரிசோதனை."

இதில் நோயின் பெயர் இல்லை, மருந்தின் பெயர் இல்லை. "மற்ற பணிகளைச் செய்யத் தகுதியுடன் இருக்கிறார்" என்ற வரிதான் உயிர். அது இல்லாவிட்டால் சீட்டைக் கையில் வாங்கிய ஹெச்.ஆர். "அப்போ முழுசா குணமானதும் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோட வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த நாட்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது உங்கள் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சீட்டு இணைத்திருப்பதைச் சொல்லி, கேட்பதைத் திட்டமாகக் கேளுங்கள்: முதல் ஷிப்டுக்குப் பதில் பொது ஷிப்ட், இயந்திரத்துக்குப் பதில் செக்கிங் அல்லது பேக்கிங், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிட இடைவெளி. எதையாவது செய்து கொடுங்கள் என்று எழுதினால் எதுவும் நடக்காது. சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. அவர் மாற்றலாகிப் போன பிறகு சாட்சியும் இருக்காது. கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்து நகலில் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தால் அந்த உரையாடலை அழிக்க வேண்டாம். போனை மாற்றும்போது காணாமல் போவதும் அதுதான்.

நோயின் பெயரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தினால்? வேலைக்குத் தேவையான கட்டுப்பாடு என்ன என்பதைத் தெரிந்துகொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆபத்தான இயந்திரம் என்றால் கம்பெனி டாக்டரிடம் அனுப்பிப் பார்ப்பதும் நியாயம்தான். ஆனால் எச்.ஐ.வி. விஷயத்தில் நிலை வேறு. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், நீதிமன்றம் உத்தரவிட்டாலன்றி அந்த நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய தகவலை டாக்டரும் மருத்துவமனையும் இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. உங்கள் மனநல டாக்டருக்கு ஹெச்.ஆர். போன் போட்டு விசாரித்தால் அவர் பதில் சொல்லக் கூடாது.

ஈ.எஸ்.ஐ. கொடுப்பதும் கொடுக்காததும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை) உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. மருந்தால் வேலைக்கே போக முடியாத நிலை வந்தால், நோய்க்கால உதவித்தொகை உங்கள் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். இதற்கு, உரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளாவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் தரும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரை. இந்த இடைவெளி தெரியாமல்தான் "இப்போ சந்தா பிடிக்கிறாங்களே, ஏன் பணம் இல்லை" என்று பலர் குழம்புகிறார்கள்.

ஒரு கணக்கு: நாள் ஊதியம் 600 ரூபாய் என்றால் உதவித்தொகை நாளுக்கு 420. பத்து நாள் சர்டிபிகேட் இருந்தாலும் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள், அதற்குப் பணம் கிடையாது. ஆக எட்டு நாளுக்கு 3,360 ரூபாய். 15 நாளுக்குள் மறுபடி உடம்புக்கு முடியாமல் போனால் இரண்டாம் முறை அந்தக் காத்திருப்பு இல்லை. கம்பெனி சம்பளம் கொடுக்கும் லீவு நாளுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் வராது, எனவே காத்திருப்பு நாட்கள் இரண்டையும் கம்பெனி லீவில் போட்டுவிட்டு மூன்றாம் நாளிலிருந்து ஈ.எஸ்.ஐ.யில் போவது புத்திசாலித்தனம்.

காசநோய், தொழுநோய், புற்றுநோய், மனச்சிதைவு, சிறுநீரகச் செயலிழப்பு உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை 80 விழுக்காடு, அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. இரண்டு ஆண்டு தொடர் வேலையும், நான்கு பங்களிப்புக் காலங்களில் மொத்தம் 156 நாள் சந்தாவும் தேவை. கீமோ எடுப்பவர்களுக்கும், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நீண்ட சிகிச்சை எடுப்பவர்களுக்கும் இது பெரிய ஆதரவு. காசநோயாளி என்றால் நிக்‌ஷய் போஷன் என்ற ஊட்டச்சத்து உதவித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் தனியாக உண்டு.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் இரண்டு. தனியார் டாக்டரின் சர்டிபிகேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போவது ஒன்று. போன தேதிகளுக்கு அங்கே சர்டிபிகேட் வாங்குவது மிகவும் கடினம். வெளியே வைத்தியம் பார்த்தாலும், அந்தச் சீட்டுகளோடு முதல் நாளிலேயே மருந்தக டாக்டரைப் பார்த்துப் பதிவு செய்துவிட வேண்டும், பிறகு அவர் சொல்லும் இடைவெளியில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, நீங்கள் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி உறுதிசெய்ய வேண்டியிருப்பது. அதை இழுத்தடித்தால் பணம் நிற்கும். கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டால் அவர்களே கம்பெனியிடம் கேட்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் கான்ட்ராக்டர் சந்தாவைக் கட்டியிருக்கிறாரா என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே போர்ட்டலில் பார்த்து வையுங்கள்.

ஈ.எஸ்.ஐ. தொடாத இடமும் ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. கணக்கில் ஒருவர் வேலைக்கே போக முடியாதவர், இல்லையென்றால் முழுத் தகுதியானவர், இரண்டில் ஒன்றுதான். அரைநாள் மட்டும் முடியும், காலையில் மட்டும் முடியாது, இயந்திரம் வேண்டாம் மேசை வேலை செய்வேன் என்பதற்கு அங்கே உதவித்தொகை இல்லை. பக்கவிளைவு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழுகிறது. அதனால்தான் மேலே சொன்ன டாக்டர் சீட்டும் கடிதமும் இவ்வளவு முக்கியம்.

வேலைப் பாதுகாப்பு விஷயத்தில், 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலை நீக்கம் செய்வதையும் தண்டிப்பதையும் தடுத்தது. அதன் பொது ஒழுங்குமுறை 98, சாதாரண நோயென்றால் ஆறு மாதத் தொடர் சிகிச்சைக்குப் பிறகும், காசநோய், தொழுநோய், மனநோய், புற்றுநோய் என்றால் 18 மாதத்துக்குப் பிறகும்தான், அதுவும் பணி நிபந்தனைகள் இடம் கொடுத்தால் உரிய நோட்டீஸோடு, நீக்க முடியும் என்று வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டன, ஈ.எஸ்.ஐ. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. எனவே மனுவில் பிரிவு எண் போடும் முன் சங்கத்திடமோ வக்கீலிடமோ இன்றைய நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதுகாப்பை நம்பி லீவு விண்ணப்பம் கொடுக்காமல் இருப்பது பெரிய ஆபத்து. சென்னை பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் ஆலைத் தொழிலாளி ஒருவரின் வழக்கு 1960-களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. எட்டு வேலை நாள் அனுமதியின்றி வராவிட்டால் வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படும் என்று ஆலையின் நிலையாணையில் (தொழிலாளருக்கான பணி விதிகளில்) இருந்தது. அவர் பிறகு மருத்துவச் சான்று கொடுத்தார். 73-ஆம் பிரிவு இதற்கு உதவாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஈ.எஸ்.ஐ. சர்டிபிகேட் வேறு, கம்பெனிக்கான லீவு விண்ணப்பம் வேறு. இரண்டையும் கொடுங்கள், சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் லீவு நீட்டிப்பையும் கேளுங்கள்.

கடை, அலுவலகங்களில்

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலச் சட்டம், மத்தியத் தொகுப்புகள் அதைத் தொடவில்லை. அதன் 25-ஆம் பிரிவில் நோய்க்கென்று ஆண்டுக்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், இரண்டும் சம்பளத்தோடு, சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே. ஓராண்டு முடிந்தபின் இன்னொரு 12 நாள் ஆண்டு விடுமுறை. "புரொபேஷன்ல மெடிக்கல் லீவு கிடையாது" என்று கடையில் சொல்வதற்கு இந்தச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நிற்பவர்களுக்காக 2021-இல் இதே சட்டத்தில் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. மருந்தால் கிறுகிறுப்பு உள்ளவர் உட்காருவதற்கு யாருடைய தயவும் வேண்டாம். அது எல்லாருக்கும் உள்ள உரிமை, டாக்டர் சீட்டுகூடத் தேவையில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம். முறையாக விசாரித்து நிரூபித்த தவறான நடத்தை என்றால் நோட்டீஸ் தேவையில்லை. நீக்கினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போக வேண்டும். "பேசிப் பார்த்துக்கலாம்" என்று முதலாளி சொல்லும் சமாதானப் பேச்சில் கரைந்து போவது இந்த 30 நாள்தான்.

மெமோ வந்துவிட்டால்

பணி நேரத்தில் தூங்கியதாக மெமோ வந்தால் பெரும்பாலானோர் எழுதும் பதில் "தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும், இனி நடக்காது" என்பது. பணிவாக எழுதிய அந்த வரியை அடுத்த முறை குற்ற ஒப்புதலாகக் காட்டுவார்கள். உண்மையை எழுதுங்கள்: இன்ன தேதியில் டாக்டர் சீட்டோடு கடிதம் கொடுத்தேன், முதல் ஷிப்டைத் தவிர்க்கக் கேட்டேன், பதில் வரவில்லை, சம்பவம் முதல் ஷிப்டில் காலை இத்தனை மணிக்கு நடந்தது, இது வேண்டுமென்று செய்ததல்ல. முன்கூட்டிக் கடிதம் கொடுக்காமல் விட்டிருந்தால் மருந்துச் சீட்டின் நகலையும், மருந்து தொடங்கிய தேதியையும், டாக்டரின் விளக்கச் சீட்டையும் இணையுங்கள். கெடு 48 மணி நேரம் என்று போட்டிருந்தால், டாக்டரைப் பார்க்க நேரம் வேண்டும் என்று அந்தக் கெடுவுக்குள்ளேயே எழுதிக் கேளுங்கள். பதிலே தராமல் இருப்பது எல்லாவற்றிலும் மோசம்.

வராத நாட்களுக்கான குற்றச்சாட்டு என்றால் மூன்று விஷயங்கள் உதவும். மாதிரி நிலையாணைகளில் விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பிக் காரணம் சொல்ல இடம் உண்டு. அந்த எட்டு நாள் விதியைக் காட்டி விசாரணையே இல்லாமல் நீக்கியது செல்லாது என்று டி.கே. யாதவ் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிச் சம்பள நிலுவையோடு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. 2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில், அனுமதியில்லாமல் வராததெல்லாம் வேண்டுமென்றே வராததாகிவிடாது, நோய், விபத்து, மருத்துவமனை போன்ற காரணங்கள் இருக்கலாம் என்றது.

ராஜினாமா கடிதம் எழுதித் தரச் சொன்னால் எழுதாதீர்கள். "டிஸ்மிஸ் ஆனா அடுத்த வேலை கிடைக்காது, நீங்களே எழுதிக் கொடுத்துட்டா மரியாதையா போகலாம்" என்று நல்லவர் போலப் பேசுவார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அது நீங்களாகப் போனதாகிவிடும், மேலே சொன்ன உரிமைகள் பெரும்பாலும் அத்தோடு முடிந்தன. அறையில் உட்கார வைத்து வற்புறுத்தி வாங்கிவிட்டார்கள் என்றால், வெளியே வந்த அன்றே அதைச் சொல்லி மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் நம்ப வைப்பது கடினம்.

பக்கவிளைவு நிரந்தரமாகிவிட்டால்

சில மருந்துகள் விட்டுப்போன பிறகும் தடம் விடும். காசநோய்க்குக் கொடுக்கும் அமிக்காசின், கனாமைசின் ஊசிகளும் புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் சிலருக்குக் காது கேட்கும் திறனை நிரந்தரமாகக் குறைத்துவிடும். அப்போது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொருந்தும். அதன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் காது கேளாமை, பார்வைக் குறைவு, மனநோய், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு எல்லாம் உண்டு. சர்க்கரை நோய் தனியாக இல்லை. அதன் 20(4) பிரிவின்படி பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது. அந்த வேலைக்கு ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், பணியிடமே இல்லையென்றால் உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். இது அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்பதுதான் வேதனை. தனியாரிலும் ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்பது கட்டாயம். உங்கள் கம்பெனியின் கொள்கை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அதுவே மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் கொடுக்கும் புகாருக்கு ஒரு காரணம்.

மனநோய் உள்ளவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றி உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அந்த நடத்தைக்குப் பல காரணங்களில் ஒன்றாக ஊனம் இருந்தாலே போதும், நடவடிக்கை மறைமுகப் பாகுபாடாகிவிடும். தெலங்கானா சாலைப் போக்குவரத்துக் கழக டிரைவர் ஒருவருக்கு நிறக்குருடு என்று சொல்லிப் பணி ஓய்வு கொடுத்ததை, மாற்றுப் பணி தரும் வாய்ப்பைப் பார்க்காமல் செய்தது தவறு என்று 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் சொன்னது. எத்தாம்பியூட்டாலால் நிறப் பார்வை கெட்ட ஒரு டிரைவரின் வக்கீல் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இதுவாகத்தான் இருக்கும்.

எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்குத் தனியாரிலும் வலுவான பாதுகாப்பு உண்டு. தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்கிறது அல்லது அந்த வேலைக்குத் தகுதியில்லை என்று தகுதி வாய்ந்த, கம்பெனியைச் சாராத மருத்துவரின் எழுத்து மதிப்பீடும், வேலையில் மாற்றம் செய்து தர முடியாத சிரமம் என்ன என்று முதலாளியின் எழுத்து விளக்கமும் இரண்டும் கைக்குத் தராமல் நீக்க முடியாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும்.

டிரைவர்களுக்கு

மருந்தால் கண் சொருகும் நாளில் வண்டி எடுக்க மறுப்பது ஒழுங்கீனம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவு, உடலோ மனமோ தகுதியில்லாத நிலையில் ஓட்டுபவருக்கு முதல் முறை 1,000 ரூபாய் வரையும், அடுத்த முறை 2,000 வரையும் அபராதம் விதிக்கிறது. 185-ஆம் பிரிவு மதுவோடு, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மயக்கும் மருந்தையும் சேர்த்தே சொல்கிறது. அதில் சிறையும் உண்டு. மறுக்கும்போது 186-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு டிப்போ மேலாளருக்கோ முதலாளிக்கோ ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். ஹோமியோபதித் தாய்த் திரவங்களிலும் (மதர் டிங்க்சர்) சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் இருக்கும், ஊதிப் பார்க்கும் சோதனைக்கு முன் குடித்திருந்தால் அதைச் சோதனைக்கு முன்பே சொல்லிச் சீட்டைக் காட்டுங்கள்.

எங்கே போவது

தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர், வேலை நீக்கத்தை எதிர்த்து மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் சமரச மனு கொடுக்கலாம். 45 நாளில் முடியாவிட்டால் வழக்காக எடுத்துப்போகலாம். பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, இப்போதைய தொழிலுறவுத் தொகுப்பில் இரண்டு ஆண்டு. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு, தொலைபேசி 15100. தொழிலாளர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

பக்கவிளைவை அரசிடமே பதிவு செய்ய இன்னொரு வழியும் உண்டு. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளிகளே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது. பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான மையமும் உண்டு. இந்தப் பதிவால் கம்பெனி மீது நடவடிக்கை வராது. ஆனால் மெமோ தேதிக்கு முன்பே இன்ன மருந்தால் இன்ன தொல்லை என்று நீங்கள் சொன்னதற்கு அதன் நகல் ஒரு சான்று. அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து டாக்டர் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.